அணுக்கருவும் மனச்சான்றும்

1938-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாக் காலம். சுவீடன் நாட்டின் மேற்குக் கரைக்கு அண்மையிலுள்ள குங்கெல்வ் என்னும் சிற்றூர். ஊருக்கு வெளியே, உறைபனி மூடிய வெளியில் இருவர் சென்றுகொண்டிருந்தனர். ஒருவர் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிய இளைஞர். மற்றவர் அறுபது அகவை நிறைந்த, உருவத்தில் சிறிய பெண்மணி. கட்டைகள் இல்லாமலேயே தம்மால் உடன்வர இயலும் என்று கூறிய அவர், அவ்வாறே ஈடுகொடுத்து நடந்தார். சற்றுத் தொலைவு சென்றதும் இருவரும் விழுந்து கிடந்த மரமொன்றின்மேல் அமர்ந்தனர். கையிலிருந்த காகிதத் துண்டுகளில் கணக்கிடத் தொடங்கினர். அக்கணக்கு முடிந்தபோது, படைப்பின் உள்ளறை ஒன்று மனிதனுக்குத் திறந்திருந்தது.

அப்பெண்மணி லிசே மைட்னர். இளைஞர் அவருடைய தமக்கை மகன் ஆட்டோ ஃபிரிஷ். இருவருமே பிறந்த மண்ணை இழந்தவர்கள். ஃபிரிஷின் தந்தை அந்நாளில் தாஹாவ் வதைமுகாமில் அடைபட்டுக் கிடந்தார். விழாக்கால மகிழ்ச்சி அவ்விருவருக்கும் எட்டாத ஒன்றாகவே இருந்திருக்கும். ஆயினும் அவர்கள் மனத்தை அன்று நிறைத்திருந்தது ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மடல். நடக்கவே இயலாத ஒன்று நடந்துவிட்டதாக அம்மடல் கூறியது.

அணுவின் நடுவே இருக்கும் கருவைப் பற்றிய அறிவு எவ்வாறு வளர்ந்தது, அது யாருடைய கைகளின் வழியாக வந்தது, பின்னர் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விழைகிறோம். இது இயற்பியலின் வரலாறு என்பது உண்மை. இதனை மனச்சான்றின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

கடுகு மணி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணு என்பது நேர்மின்னேற்றம் பரவிய ஒரு மென்மையான உருண்டை என்றும், அதனுள் எலக்ட்ரான்கள் ஆங்காங்கே பதிந்துள்ளன என்றும் அறிஞர் பலர் கருதினர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டின் வழிகாட்டுதலில், ஹான்ஸ் கைகர், எர்னஸ்ட் மார்ஸ்டன் ஆகிய இருவரும் 1909-இல் ஓர் ஆய்வை நடத்தினர். மிக மெல்லிய பொன் தகட்டின்மீது ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினர். பெரும்பாலானவை தடையின்றி ஊடுருவிச் சென்றன. ஆனால் மிகச் சில, சுவரில் மோதிய பந்துபோல் வந்த வழியே திரும்பின.

மென்மையான உருண்டையால் அவற்றைத் திருப்பியிருக்க முடியாது. இரண்டாண்டுகள் சிந்தித்த ரூதர்ஃபோர்டு, 1911-இல் தம் முடிவை வெளியிட்டார். அணுவின் நிறை ஏறத்தாழ முழுவதும் அதன் நடுவிலுள்ள மிகச் சிறிய கருவில் அடங்கியிருக்கிறது. எஞ்சிய இடமெல்லாம் வெறுமை. பொன்னின் அணுக்கருவை ஒரு கடுகு மணியாக எண்ணிக்கொண்டால், அதன் அணு ஏறத்தாழ முப்பது மீட்டர் அகலமுள்ள கோளமாக விரியும். அக்கோளத்தின் எடையில் ஆயிரத்தில் 999 பங்குக்கு மேற்பட்டது அந்தக் கடுகுக்குள் இருக்கும். கருப்பொருளை மட்டும் ஒரு கன சென்டிமீட்டர் அளவுக்குத் திரட்ட முடியுமானால், அதன் எடை இருபது கோடி டன்னுக்கும் மேலாகும்.

சிறியதில் பெரியது அடங்கியிருப்பதைக் கடுகு மணியைக் காட்டி நம் ஆண்டவர் உவமையாகச் சொன்னார். அவர் சொன்னது இறையாட்சியைப் பற்றி. பருப்பொருளின் உலகிலும் சிறுமைக்குள் பேராற்றல் மறைந்திருந்தது என்பதைக் காண மனிதனுக்கு மேலும் பத்தொன்பது நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

அண்டை வீட்டாரின் கை

கருவுக்குள் என்ன இருக்கிறது? 1919-இல் ரூதர்ஃபோர்டு நைட்ரஜனின் கருவை ஆல்ஃபா துகளால் தாக்கியபோது, அதிலிருந்து ஹைட்ரஜனின் கரு வெளிப்பட்டது. புரோட்டான் என்று பின்னர் பெயர்பெற்றது அதுவே. 1932-இல் ஜேம்ஸ் சாட்விக், மின்னேற்றமற்ற மற்றொரு துகளாகிய நியூட்ரானைக் கண்டறிந்தார். இவ்விரண்டும் சேர்ந்ததே கரு என்பது தெளிவாயிற்று. யுரேனியத்தின் பொதுவான வகையில் 92 புரோட்டான்களும் 146 நியூட்ரான்களும் நெருங்கி வாழ்கின்றன.

ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. நேர்மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளி மாணவரும் அறிந்தது. அவ்வாறிருக்க 92 புரோட்டான்கள் எவ்வாறு ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன? மின் விலக்கத்தை விஞ்சும் வலிமையுள்ள ஒரு விசை அங்கே செயல்பட வேண்டும். அவ்விசை மிக வலியது. ஆனால் அதன் எட்டம் மிகக் குறுகியது. தன்னைத் தொட்டு நிற்கும் அண்டைத் துகளை மட்டுமே அது பற்றிக்கொள்ளும். மின் விலக்கமோ வலிமையில் குறைந்தது. ஆனால் கருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எட்டும்.

ஓர் ஊரை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொருவரும் அண்டை வீட்டாரின் கையை மட்டும் இறுகப் பற்றியிருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் கொண்ட மனக்கசப்போ ஊரின் கடைசி வீடு வரை பரவுகிறது. ஊர் சிறிதாக இருக்கும்வரை கைப்பிடி வெல்லும். ஊர் பெருகப் பெருகக் கசப்பு கூடிக்கொண்டே போகும். கைப்பிடியின் வலிமை அதே வேகத்தில் கூடாது. பெரிய அணுக்கருக்களின் நிலை இதுவே. மின்னேற்றமற்ற நியூட்ரான்கள் கூடுதலாக வந்து நின்று, பிடிப்பைச் சேர்த்து, கசப்பைச் சேர்க்காமல் அந்த ஊரைக் காக்கின்றன. அதற்கும் ஓர் எல்லை உண்டு. யுரேனியம் அந்த எல்லைக்கு அருகில் நிற்கும் தனிமம்.

அண்டையை மட்டும் பற்றும் இவ்வியல்பு, நீர்த்துளியின் மூலக்கூறுகளுக்கும் உண்டு. எனவே ஜார்ஜ் கேமோ முன்வைத்த ஓர் உவமை நிலைபெற்றது: அணுக்கரு ஒரு திரவத் துளியைப் போன்றது. 1936-ஐ ஒட்டி டென்மார்க்கின் நீல்ஸ் போர் அதனை மேலும் வளர்த்தெடுத்தார். துளிக்குப் பரப்பு இழுவிசை உண்டு. அது துளியை உருண்டையாக வைத்திருக்கிறது. தாக்குண்டால் துளி அதிரும், நெளியும், பின் அமைதியடையும். அது இரண்டாக உடையக்கூடும் என்று அப்போது எவரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

தச்சுப் பட்டறையிலிருந்து

லிசே மைட்னர் 1878-இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நாளில் அந்நகரில் பெண்களின் பொதுக்கல்வி பதினான்கு வயதோடு முடிந்துவிடும். அவர் தனியாகப் பயின்று, தேர்வெழுதி, பல்கலைக்கழகத்தில் நுழைந்தார். 1906-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1907-இல் பெர்லின் சென்றார். அங்கே வேதியியலாளர் ஆட்டோ ஹானும் அவரும் தொடங்கிய கூட்டாய்வு முப்பதாண்டுக் காலம் நீடித்தது. 1908-இல் அவர் புராட்டஸ்டண்டு சபையில் திருமுழுக்குப் பெற்றார்.

பெர்லினில் அவருக்குக் கிடைத்த முதல் ஆய்வுக்கூடம், வேதியியல் நிறுவனத்தின் கீழ்த்தளத்தில் முன்பு தச்சுப் பட்டறையாக இருந்த அறை. பெண் என்பதால் மேல்தளத்து ஆய்வுக்கூடங்களுக்குள் செல்ல அவருக்கு அனுமதியில்லை. ஊதியமும் இல்லை. தச்சுப் பட்டறை என்றதும் நம் நெஞ்சம் நாசரேத்துக்குச் செல்வது இயல்பே. அங்கிருந்தும் ஒன்றும் வராது என்றே அன்றைய அறிஞர் எண்ணினர்.

அவர் தளரவில்லை. 1918-இல் ஹானும் அவரும் புரோடாக்டினியம் என்னும் தனிமத்தின் நீடித்த வகையைக் கண்டறிந்து வெளியிட்டனர். 1926-இல் ஜெர்மனியில் இயற்பியல் பேராசிரியரான முதல் பெண் என்ற நிலையை அவர் அடைந்தார். 1933-இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தனர்; யூதப் பிறப்பைக் காட்டி அவருடைய கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. ஆஸ்திரியக் குடியுரிமை இருந்ததால் ஆய்வு நிறுவனத்தில் மட்டும் அவர் தொடர முடிந்தது.

இதற்கிடையே 1934-இல் ரோமில் என்ரிகோ ஃபெர்மி, யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கினார். விளைந்த கதிரியக்கப் பொருள்கள் யுரேனியத்தையும் விடக் கனமான புதிய தனிமங்கள் என்று அவர் கருதினார். அதே ஆண்டில் இடா நோடாக் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், கரு பல பெரிய துண்டுகளாக உடைந்திருக்கவும் கூடும் என்று எழுதினார். எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவரும் ஆய்வு செய்து மெய்ப்பிக்கவில்லை. கருவிலிருந்து சிறு சில்லுகள் மட்டுமே பெயரும் என்பது அந்நாளின் உறுதியான நம்பிக்கை. பெர்லினில் மைட்னர், ஹான், ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் ஆகிய மூவரும் நான்காண்டுகள் அதே நம்பிக்கையோடு, இல்லாத தனிமங்களின் பட்டியலை நீட்டிக்கொண்டே சென்றனர். உண்மை அவர்கள் குடுவையிலேயே கிடந்தது. அதைக் காண விடாமல் மறைத்தது அவர்களுடைய கல்வியே. கற்றோர்க்கு வரும் குருட்டுத்தன்மை இது. சமயத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

எல்லை கடந்த நாள்

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். மைட்னரின் குடியுரிமைப் பாதுகாப்பு ஒரே நாளில் மறைந்தது. நாட்டைவிட்டு வெளியேறவும் முறையான அனுமதி இல்லை. 1938 ஜூலை 13 அன்று, டச்சு அறிஞர் டிர்க் காஸ்டரின் துணையோடு, இரயிலில் எல்லையைக் கடந்தார். கையில் சிறு பெட்டி. பணப்பையில் பத்து மார்க். இக்கட்டில் உதவட்டும் என்று ஹான் தம் அன்னையின் வைர மோதிரத்தைக் கொடுத்திருந்தார். முப்பத்தோராண்டு உழைப்பும், நூல்களும், கருவிகளும் பெர்லினில் நின்றுவிட்டன. ஸ்டாக்ஹோமில் இடம் கிடைத்தது. ஆய்வுக்கு வேண்டிய கருவிகளோ உதவியாளரோ கிடைக்கவில்லை.

மடல்கள் மட்டும் தொடர்ந்தன. நவம்பரில் ஹானும் அவரும் கோபன்ஹேகனில் சந்தித்தனர். யுரேனியத்திலிருந்து ரேடியம் விளைவதாக ஹான் கூறினார். யுரேனியத்தின் எண் 92. ரேடியத்தின் எண் 88. மெதுவாகச் செல்லும் ஒரு நியூட்ரான் கருவிலிருந்து அத்தனைத் துகள்களைப் பெயர்த்தெடுக்கும் என்பதை மைட்னர் ஏற்கவில்லை. ஆய்வை மீண்டும் கண்டிப்பாகச் சரிபார்க்குமாறு வலியுறுத்தினார். அந்த வலியுறுத்தலே திருப்புமுனையாயிற்று.

டிசம்பர் நடுவில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் சரிபார்த்தனர். ரேடியத்தைப் பிரித்தெடுக்க, அதே இயல்புடைய பேரியத்தைத் துணைப்பொருளாகச் சேர்ப்பது வழக்கம். பின்னர் இரண்டையும் பிரிப்பார்கள். இம்முறை எவ்வளவு முயன்றும் பிரிக்க முடியவில்லை. ஏனெனில் அது ரேடியமே அன்று; பேரியம். பேரியத்தின் எண் 56. யுரேனியத்தின் ஏறத்தாழப் பாதி. டிசம்பர் 19 அன்று ஹான் மைட்னருக்கு எழுதினார்: யுரேனியம் வெடித்துப் பேரியமாக முடியாது என்று தாம் அறிவதாகவும், வேறு விளக்கம் ஏதும் அவருக்குத் தோன்றுகிறதா என்றும் கேட்டார். தம் அறிவுக்கு ஒவ்வாத முடிவைத் தம் கண்கள் கண்டபோது, கண்களையே நம்பத் துணிந்த அந்த நேர்மையை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

பனிவெளிக் கணக்கு

இம்மடலோடுதான் அந்த இருவரும் பனியில் நடந்தனர். ஹான் தவறு செய்திருக்கக்கூடும் என்றார் ஃபிரிஷ். ஹான் அத்தகைய தவறு செய்யும் வேதியியலாளர் அல்லர் என்றார் மைட்னர். அப்படியானால் கரு எவ்வாறு இரண்டாகும்? உளி கொண்டு பிளந்ததுபோல் அன்று. துளியை நினைத்துப் பார்த்தனர். யுரேனியக் கருவின் மிகுந்த மின்னேற்றம் அதன் பரப்பு இழுவிசையை ஏறத்தாழ முழுவதும் தேய்த்துவிடுகிறது. நிலையற்றுத் தள்ளாடும் அத்துளியில் ஒரு நியூட்ரான் நுழைந்தால் போதும். அது நீளும்; இடை குறுகும்; இரு சிறு துளிகளாகப் பிரியும். பேரியத்தின் 56-உடன் கிரிப்டானின் 36-ஐக் கூட்டினால் 92. கணக்கு சரியாக இருந்தது.

பிரிந்த இரு துண்டுகளும் மின் விலக்கத்தால் பெரும் வேகத்தில் அகலும். அவ்வாற்றல் ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று கணக்கிட்டனர். அது எங்கிருந்து வரும்? கருக்களின் நிறைகளை மைட்னர் நினைவிலிருந்தே கூட்டிக் கழித்தார். இரு துண்டுகளின் நிறை, பிளவுறு முன் இருந்த நிறையைவிட ஒரு புரோட்டானின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. நிறையும் ஆற்றலும் ஒன்றே என்னும் ஐன்ஸ்டைனின் உரையை அவர் 1909-இல் சால்ஸ்பர்க் நகரில் நேரில் கேட்டவர். குறைந்த அந்நிறையை ஆற்றலாக மாற்றிப் பார்த்தால், அதே 200 மில்லியன். ஒரு கரி அணு எரியும்போது கிடைப்பதைவிட இது ஏறத்தாழ ஐந்து கோடி மடங்கு.

ஹான், ஸ்ட்ராஸ்மன் கட்டுரை 1939 ஜனவரி 6 அன்று வெளிவந்தது. நாடு கடந்த யூதப் பெண்ணின் பெயரை அதில் சேர்க்க இயலாத காலம் அது. மைட்னர், ஃபிரிஷ் விளக்கம் பிப்ரவரி 11 அன்று இங்கிலாந்தின் நேச்சர் இதழில் வந்தது. உயிரணு இரண்டாகப் பிரிவதைக் குறிக்க உயிரியலார் வழங்கும் சொல்லை ஃபிரிஷ் கடன் வாங்கி, இந்நிகழ்வுக்குப் பிளவு என்று பெயரிட்டார். உயிரின் பெருக்கத்தைக் குறித்த சொல் அது.

துளி உவமை மட்டுமே முழு உண்மை அன்று என்பது பின்னர்ப் புலப்பட்டது. 2, 8, 20, 28, 50, 82, 126 ஆகிய எண்ணிக்கையில் புரோட்டான்களோ நியூட்ரான்களோ அமைந்த கருக்கள் தனிப்பட்ட உறுதியுடன் விளங்கின. இவற்றை மாய எண்கள் என்றனர். துளிக்கு இத்தகைய எண்கள் எதற்கு? 1949-இல் மரியா கோப்பெர்ட் மேயரும், அவரைச் சாராமலே ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சனும் விடை கண்டனர். கருவுக்குள்ளும் அடுக்கடுக்கான கூடுகள் உள்ளன. ஒவ்வொரு துகளும் தன்னில் சுழன்றுகொண்டே தன் பாதையிலும் சுழல்கிறது. அவ்விரு சுழற்சிகளின் பிணைப்பே அந்த எண்களைத் தருகிறது. பல்லாண்டுகள் ஊதியமின்றிப் பல்கலைக்கழகங்களில் உழைத்த மரியா மேயர் 1963-இல் நொபெல் பரிசு பெற்றார். கரு துளியாகவும் நடந்துகொள்கிறது, கூடாகவும் நடந்துகொள்கிறது. ஓர் உவமைக்குள் அடங்க அது மறுக்கிறது. கடவுளின் கைவேலையில் மிகச் சிறியதே இவ்வாறெனில், அவரையே நம் ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்க முயல்வோர் சற்றுத் தயங்குவது நன்று.

மரத்தடியில் பிரிந்த இரு வழிகள்

பிளவின்போது புதிய நியூட்ரான்களும் வெளிப்படுகின்றன என்பது 1939 வசந்த காலத்திலேயே உறுதியாயிற்று. அவை அடுத்த கருக்களைப் பிளக்கும், அவை அதற்கடுத்தவற்றை. பிளவின் கொள்கையை விரித்துரைத்த நீல்ஸ் போர், ஜான் வீலர் கட்டுரை வெளியான நாள் 1939 செப்டம்பர் 1. அன்றே ஜெர்மானியப் படை போலந்துக்குள் நுழைந்தது.

ஒரே மரத்தில் அமர்ந்து கணக்கிட்ட இருவரின் வழிகளும் இங்கே பிரிந்தன. ஃபிரிஷ் இங்கிலாந்தில் அகப்பட்டு, 1940-இல் ருடால்ஃப் பையர்ல்ஸுடன் சேர்ந்து, சில கிலோ யுரேனியம்-235 கொண்டு குண்டு செய்ய இயலும் என்ற அறிக்கையை எழுதினார். ஹிட்லர் முந்திக்கொள்வாரோ என்னும் அச்சமே அவரைச் செலுத்தியது. பின்னர் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார். 1943-இல் மைட்னருக்கும் அழைப்பு வந்தது. ஸ்டாக்ஹோமின் வறண்ட நாள்களிலிருந்து விடுதலை, சிறந்த கருவிகள், பழைய நண்பர்கள் அனைத்தும் அங்கே காத்திருந்தன. குண்டோடு தமக்கு எவ்வகைத் தொடர்பும் வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார்.

சிற்றன்னை செய்தது சரி, மகன் செய்தது தவறு என்று எளிதில் தீர்ப்பிட நாம் துணியோம். தந்தையை வதைமுகாமில் கண்டவரின் அச்சத்தை நாம் அறியோம். ஆனால் ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்பது தெரிந்த பிறகும் பணி நிற்கவில்லை என்பது வரலாறு. அதைக் காரணம் காட்டி 1944 இறுதியில் விலகிச் சென்றவர் ஜோசப் ராட்பிளாட் என்னும் போலந்து நாட்டு அறிஞர். 1995-இல் அமைதிக்கான நொபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

வேதியியலுக்கான 1944-ஆம் ஆண்டுப் பரிசு, போருக்குப் பின் 1945 நவம்பரில், ஹான் ஒருவருக்கே அறிவிக்கப்பட்டது. மைட்னருக்குப் பங்கில்லை. அவர் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பெரிதுபடுத்திப் பேசியவரல்லர். அவரை வருத்தியது வேறொன்று. 1945 ஜூனில் ஹானுக்கு எழுதிய மடலில், ஜெர்மனியில் தங்கிய அறிஞர் அனைவரும் நாசி ஆட்சிக்காக உழைத்தீர்கள், அமைதியான எதிர்ப்பைக்கூடக் காட்டவில்லை என்று கடிந்தார். அம்மடல் அவரைச் சென்றடையவில்லை. நம் நெஞ்சைத் தொடுவது அதற்குப் பின் வந்தது. 1933-இலேயே வெளியேறாமல் ஐந்தாண்டுகள் அங்கே தங்கியது தம்முடைய பெரும் அறக்குற்றம் என்று போருக்குப் பின் எழுதிய மடல் ஒன்றில் அவர் ஒப்புக்கொண்டார். விரட்டப்பட்டவர் அவர், குற்றவாளிகளோ வேறு. ஆயினும் தம் பங்கைத் தேடினார். ஒப்புரவு அருளடையாளத்துக்கு முன் நாம் செய்யும் ஆன்ம சோதனை என்பது இதைத் தவிர வேறென்ன?

நற்செயல்களும் இல்லாமல் போகவில்லை. நாசி அமைப்புகளில் சேர மறுத்து வாழ்வைச் சுருக்கிக்கொண்ட ஸ்ட்ராஸ்மன், 1943-இல் தம் இல்லத்தில் ஒரு யூதப் பெண்மணியை மறைத்து வைத்துக் காத்தார். அகப்பட்டிருந்தால் குடும்பமே அழிந்திருக்கும்.

உரகாமியின் மணி

முத்துக்குளித்துறைக் கரையோரத்தில் நம் முன்னோர்க்கு நற்செய்தி அறிவித்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1549-இல் ஜப்பானில் கால் வைத்தார். அவர் விதைத்தது நாகசாகிப் பகுதியில் தழைத்தது. பின் வந்த கொடிய தடைக்காலத்தில் இரண்டரை நூற்றாண்டுகள், குருக்கள் இன்றி, பொதுநிலையினரே திருமுழுக்கு அளித்து விசுவாசத்தைக் காத்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் உரகாமி என்னும் பகுதியில் முப்பதாண்டு உழைத்து ஒரு பேராலயம் எழுப்பினர்.

1945 ஆகஸ்டு 9, காலை 11 மணி 2 நிமிடம். முதலில் குறிக்கப்பட்ட கோகுரா நகரம் புகைமூட்டத்தால் தப்ப, விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. உரகாமிப் பேராலயத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் அப்பால், வானில் புளுட்டோனியக் குண்டு வெடித்தது. அன்னை மரியாவின் விண்ணேற்பு விழாவுக்கு ஆயத்தமாக ஆலயத்தில் ஒப்புரவுக்காகக் கூடியிருந்தவர்களும், அவர்களுக்காகக் காத்திருந்த குருக்களும் மாண்டனர். உரகாமியின் பன்னிரண்டாயிரம் கத்தோலிக்கருள் ஏறத்தாழ எட்டாயிரத்து ஐந்நூறு பேர் மறைந்தனர் என்பர். அக்குண்டில் ஆற்றலாக மாறிய நிறை ஏறத்தாழ ஒரு கிராம். நம் பெண்கள் அணியும் ஒரு மூக்குத்தியின் எடை.

தகாஷி நாகாய் என்னும் கதிரியல் மருத்துவர் அந்நகரின் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். நோயாளிகளுக்காக நெடுங்காலம் எக்ஸ்-கதிர்களிடையே உழைத்ததால் அவருக்கு ஏற்கெனவே இரத்தப் புற்றுநோய் கண்டிருந்தது. காயமுற்ற நிலையிலும் அவர் நோயாளிகளைக் கவனித்தார். பின்னர் வீடிருந்த இடத்துக்குச் சென்றபோது, மனைவி மிதோரியின் எலும்புகளையும் அவற்றருகே உருகிய செபமாலையையும் கண்டார். கருவின் இயல்பைக் கற்றவர் என்பதால், தம் நகரை அழித்தது எது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தன்னைப்போல் பிறரை நேசிக்கும் கட்டளையை நினைவூட்டும் பெயர் சூட்டிய ஒரு சிறு குடிலில், இரு குழந்தைகளுடன், படுக்கையில் கிடந்தபடியே எழுதி, 1951 மே முதல் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

பேராலயத்தின் இரு மணிகளுள் ஒன்று சிதைந்துபோயிற்று. மற்றொன்று இடிபாடுகளின் அடியில் கிடைத்தது. 1945 கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவில், அழிந்த அந்த ஊரில் அம்மணி ஒலித்தது. குங்கெல்வ் பனிவெளியில் அக்கணக்கு முடிந்து சரியாக ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நமக்கு எஞ்சும் கேள்வி

லிசே மைட்னர் 1968 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் காலமானார். அவர் கல்லறையில் ஃபிரிஷ் பொறிக்கச் செய்த வாசகம், அவர் மனிதத்தன்மையை ஒருபோதும் இழக்காத இயற்பியலாளர் என்று சான்று பகர்கிறது. 1997-இல் 109-ஆம் தனிமத்துக்கு மைட்னெரியம் என்று பெயர் சூட்டப்பட்டது.

அந்தக் கணக்கு எழுதப்படாமலே இருந்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. படைப்பை அறிய விழைவது பாவமன்று. அது படைத்தவர் நமக்குத் தந்த தாலந்து. அதே கருப்பிளவிலிருந்துதான் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் மின்னாற்றல் எடுக்கிறோம். அதன் அபாயங்களைப் பற்றி மக்கள் எழுப்பும் கேள்விகளுக்குப் பொறுப்போடு விடை சொல்லும் கடனும் கூடவே வருகிறது. அணு உலையில் உண்டாக்கப்படும் கோபால்ட்-60 புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சையாகிறது. கருவின் விதிகள் எல்லா இடத்திலும் ஒன்றே. எதற்காக என்னும் கேள்விக்கு விடை கருவுக்குள் இல்லை.

திருச்சபை இக்கேள்வியைக் கைவிடவில்லை. 1963-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் அணு ஆயுதங்களை ஒழிக்குமாறு உலகை வேண்டினார். நகரங்களை முழுவதுமாக அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கண்டித்தது. 1981-இல் ஹிரோஷிமாவில் நின்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், போர் மனிதனின் செயல் என்றார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 நவம்பரில் ஜப்பான் சென்றபோது, இவ்வாயுதங்களைப் பயன்படுத்துவது மட்டுமன்றி, வைத்திருப்பதும் அறத்துக்கு மாறானது என்றார். 2025 ஆகஸ்டு 9 அன்று, சிதைந்த மணிக்கு ஈடாக அமெரிக்கக் கத்தோலிக்கர் வழங்கிய புதிய மணியும் பழைய மணியும் உரகாமியில் காலை 11 மணி 2 நிமிடத்துக்குச் சேர்ந்து ஒலித்தன. எண்பது ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக இரு மணிகளும் ஒன்றாக.

குண்டு செய்வோரும் அரசாள்வோரும் நமக்குத் தொலைவில் இருக்கிறார்கள் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். மைட்னர் அவ்வாறு ஆறுதல் கொள்ளவில்லை. தம் அறிவு எங்கே போனது, தாம் எப்போது பேசாதிருந்தோம், எந்த அழைப்பை ஏற்றோம், எதை மறுத்தோம் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். ஆசிரியராகவோ அலுவலராகவோ வணிகராகவோ நம் ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு சிறு ஆற்றல் இருக்கிறது. அண்டை வீட்டாரின் கையைப் பற்றவும் அதனால் முடியும். ஊர் முழுவதும் கசப்பைப் பரப்பவும் முடியும். இவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவில் நம் பங்கு ஆலயத்தின் மணி ஒலிக்கும்போது, இடிபாடுகளிலிருந்து எழுந்த அந்த மணியை ஒரு கணம் நினைத்து, நம் பங்கை நாம் தேடிப் பார்ப்போமாக.